கியூபில் நேரம் எங்கே போகிறது: அல்காரிதங்களும் பயிற்சியும்

ரூபிக்ஸ் கியூபைத் தீர்க்கக் கற்றுக்கொண்டு ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடுபவர்கள் இன்று ஏராளம். அவர்களில் பலர் 30 விநாடிக்கும் 40 விநாடிக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் நின்றுவிடுகிறார்கள். அப்படி நிற்கும்போது, விரல்களுக்கு வேகம் போதவில்லை என்றோ, மனப்பாடம் செய்த அல்காரிதங்கள், அதாவது ஒரு குறிப்பிட்ட நிலையைத் தீர்க்கும் நகர்வு வரிசைகள், போதவில்லை என்றோ முடிவு கட்டிக்கொள்வது வழக்கம். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அந்தக் கட்டத்தில் நேரத்தை அதிகமாக விழுங்குவது, ஒரு வேலையை முடித்த கைகள், அடுத்த துண்டு எங்கே இருக்கிறது என்று கண்கள் தேடிக் கண்டுபிடிக்கும்வரை சும்மா நிற்கும் இடைவெளிதான் என்று, பல ஆண்டுகள் கியூபோடு பழகிய பிறகு நான் உறுதியாக நம்புகிறேன். அல்காரிதங்களை எந்த வரிசையில் கற்க வேண்டும், அன்றாடப் பயிற்சியை எப்படி அமைத்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்த ஒரு விஷயத்தை வைத்தே பதில் சொல்லிவிடலாம் என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. இன்று பெரும்பாலோர் பின்பற்றும் சிஎஃப்ஓபி (CFOP) முறையில் ஒரு சால்வுக்கு, அதாவது கலைந்த கியூபை ஒருமுறை தீர்ப்பதற்கு, ஏறத்தாழ 55 முதல் 60 நகர்வுகள் ஆகும். விநாடிக்கு 4 நகர்வுகள் என்ற நிதானமான வேகத்தில் கை நில்லாமல் திருப்பிக்கொண்டே போனால் 60 நகர்வுகள் 15 விநாடியில் முடிந்துவிடும். நன்கு பழகிய ஓர் அல்காரிதத்தைச் செய்யும்போது, 35 விநாடி எடுத்துக்கொள்பவரின் விரல்கள்கூட இந்த வேகத்தை எளிதில் தாண்டிவிடுகின்றன. அப்படியானால் மீதி 20 விநாடி எங்கே போயிற்று? செல்போனை மேசைமேல் சாய்த்து வைத்து ஒரு சால்வைப் பதிவு செய்து, அதைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தால் விடை கண்ணெதிரே தெரியும். அடியடுக்கில் முதலில் போடும் கூட்டல் குறியான கிராஸ் முடிந்தவுடன் கைகள் நிற்கின்றன. கியூப் இடப்பக்கம் ஒருமுறையும் வலப்பக்கம் ஒருமுறையும் சாய்கிறது. ஆள்காட்டி விரல் மேலடுக்கைக் காரணமில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. பிறகுதான் ஒரு மூலையும் ஒரு விளிம்பும் சேர்ந்த முதல் ஜோடி உள்ளே போகிறது. உடனே மீண்டும் அதே நிறுத்தம், அதே சாய்ப்பு. இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு மூன்று விநாடிகள் கரைகின்றன. விரல்கள் வேலை செய்யும் நேரத்தைவிட விரல்கள் காத்திருக்கும் நேரமே அதிகம் என்பதைப் படத்தில் பார்த்த பிறகு, விரல் வேகத்தைப் பற்றிய கவலை தானாகவே குறைந்துவிடும்.

எர்னோ ரூபிக் 1974-இல் புடாபெஸ்ட் நகரில் உருவாக்கிய இந்தப் பொருளுக்கு 43-க்குப் பின்னால் 18 இலக்கங்கள் வரும் அளவுக்கு நிலைகள் இருக்கின்றன. அந்த நிலைகளில் எதுவாயினும் 20 நகர்வுகளுக்குள் தீர்த்துவிடலாம் என்று 2010-இல் கணினிகளின் துணையோடு நிறுவினார்கள். ஆனாலும் உலகச் சாம்பியன்கள்கூட அந்த 20-ஐத் தேடிப் போவதில்லை. பார்த்தவுடன் அடையாளம் காணக்கூடிய நிலைகளின் வழியாகப் போவதற்காக, இரண்டு மடங்குக்கும் அதிகமான நகர்வுகளை மனமுவந்து ஏற்றுக்கொள்கிறார்கள். கியூபை வேகமாகத் தீர்க்கும் ஸ்பீட்கியூபிங் முறைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படையான பேரம் இதுதான். 1982-இல் புடாபெஸ்டில் நடந்த முதல் உலகப் போட்டியில் மின் தாய் 22.95 விநாடியில் வென்றார். 2023 ஜூனில் மேக்ஸ் பார்க் 3.13 விநாடியில் தீர்த்தார். 2025-இல் சீனச் சிறுவர் கெங் ஷுவான்யி அதை 3.05 ஆக்கினார். இந்த நாற்பது ஆண்டுகளில் கியூபின் அமைப்பு மேம்பட்டிருக்கிறது, விரல் நுட்பங்கள் வளர்ந்திருக்கின்றன. இவற்றோடு, எதை எப்போது பார்க்க வேண்டும் என்ற அறிவும் வளர்ந்திருக்கிறது.

சிஎஃப்ஓபி முறையைப் பரவலாக்கியவர் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து, பின்னாளில் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ஜெசிக்கா ஃப்ரிட்ரிக். அதில் நான்கு கட்டங்கள் உண்டு. முதலில் அடியில் ஒரு கிராஸ். அடுத்து, நான்கு மூலைத் துண்டுகளையும் அவற்றுக்குரிய நான்கு விளிம்புத் துண்டுகளையும் ஜோடி ஜோடியாக உள்ளே செருகி முதல் இரண்டு அடுக்குகளை முடிக்கும் எஃப்2எல். பிறகு மேல்முகம் முழுவதையும் ஒரே நிறமாக்கும் ஓஎல்எல். கடைசியாக மேலடுக்குத் துண்டுகளை இடம் மாற்றி முடிக்கும் பிஎல்எல். இதைத் தெரியாதவர்கள் இப்பதிவைப் படிக்க மாட்டார்கள் என்று எண்ணுவதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கிராஸில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: அதை முழுவதுமாக முன்கூட்டியே யோசித்து முடித்துவிட வேண்டும். போட்டி விதிகளின்படி கியூபைப் பார்த்து யோசிக்க 15 விநாடி தரப்படுகிறது. அந்த நேரம் கணக்கில் சேராது. எந்தக் கலைப்பாக இருந்தாலும் கிராஸை 8 நகர்வுகளுக்குள் முடிக்க முடியும். பெரும்பாலானவை 6 அல்லது 7 நகர்வுகளிலேயே முடிந்துவிடும். 8 நகர்வுகளை மனத்தில் ஓட்டிப் பார்ப்பது யாருக்கும் எட்டாத காரியம் அன்று. பயில்வதற்கு நல்ல வழி, கலைத்த கியூபை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்து யோசித்துவிட்டு, கண்களை மூடிக்கொண்டு கிராஸை முடிப்பது. முதல் சில நாட்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகும். அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. கண்ணை மூடிச் செய்யப் பழகிய பிறகு, கண்ணைத் திறந்து செய்யும்போது கண்களுக்கு வேறு வேலை இருக்காது. அந்த ஓய்வு கிடைத்த கண்கள்தாம் முதல் ஜோடியைத் தேடிக் கண்டுபிடிக்கும். கிராஸ் முடிந்தவுடன் வரும் முதல் நிறுத்தம் அப்படித்தான் மறைகிறது. கிராஸை அடியில் வைத்தே போட வேண்டும் என்று எல்லோரும் வற்புறுத்துவதன் காரணமும் இதுவே. மேலே போட்டுவிட்டுக் கவிழ்த்தால், அதுவரை பார்த்து வைத்திருந்த துண்டுகள் எல்லாம் பார்வையிலிருந்து நழுவிப் போகும்.

எஃப்2எல் கட்டத்தில்தான் ஒரு சால்வின் பாதி நேரம் கழிகிறது. ஆகவே முன்னேற்றத்தின் பெரும்பகுதியும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. இதில் 41 நிலைகள் உண்டு. அவற்றுக்கெல்லாம் அல்காரிதப் பட்டியல்கள் கிடைக்கின்றன. ஆனால் பட்டியலைத் தொடக்கத்திலேயே மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. மூலைத் துண்டும் விளிம்புத் துண்டும் எப்படிச் சந்திக்கின்றன, எப்படிச் சேர்ந்து உள்ளே இறங்குகின்றன என்பதை முதலில் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். புரிந்த பிறகு, எந்த நிலைகளில் நகர்வுகள் அதிகமாகின்றனவோ, எந்த நிலைகளில் கியூபையே திருப்ப வேண்டியிருக்கிறதோ, அவற்றுக்கு மட்டும் பட்டியலைப் புரட்டிச் சிறந்த வழியைத் தெரிந்துகொண்டால் போதும். மூலை சரியான இடத்தில் உட்கார்ந்து விளிம்பு மட்டும் தலைகீழாகச் செருகியிருக்கும் நிலை அப்படிப்பட்ட ஒன்று. சொந்த யோசனையில் அதற்குக் கிடைக்கும் வழி பெரும்பாலும் நீளமாகவே இருக்கும்.

அதைவிடவும் பெரிய விஷயம் லுக்-அஹெட். ஒரு ஜோடியைக் கைகள் செருகிக்கொண்டிருக்கும்போதே, கண்கள் அடுத்த ஜோடியைத் தேடிவிட வேண்டும். கேட்பதற்கு எளிது, செய்யும்போது மனம் கைகளைப் பார்க்கவே விரும்பும். கைகளைப் பார்க்காமலிருக்க ஒரே வழி, கைகள் பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு மெதுவாகப் போவதுதான். கர்நாடக சங்கீதம் கற்பவர்கள் சரளி வரிசையை முதல் காலத்தில் பிசகில்லாமல் பாடிய பிறகே இரண்டாம் காலத்துக்கும் மூன்றாம் காலத்துக்கும் போவார்கள். கியூபிலும் அதே ஒழுங்கு வேண்டும். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமை விநாடிக்கு ஒரு தட்டு என்று வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு நகர்வு, எந்தத் தட்டிலும் கை நிற்கக் கூடாது என்ற விதியோடு முதல் இரண்டு அடுக்குகளை முடித்துப் பாருங்கள். பெரும்பாலோருக்கு அந்த வேகத்திலேயே கை நின்றுவிடும். எங்கே நிற்கிறதோ அங்கேதான் உங்கள் நேரம் போகிறது. நில்லாமல் போகப் பழகிய பிறகு தட்டின் வேகத்தைச் சிறிது கூட்டலாம். இப்படிச் செய்யும் நாட்களில் டைமரைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. டைமர் இருந்தால் கை தன்னை மறந்து ஓடும், கண் பின்தங்கிவிடும்.

லுக்-அஹெட்டுக்குத் துணை செய்யும் இன்னொரு பழக்கம், பின்பக்கத்து இடங்களை முதலில் நிரப்புவது. நம் பார்வைக்கு மறைந்திருக்கும் பின்பக்க இடங்கள் இரண்டும் நிறைந்துவிட்டால், மீதித் துண்டுகள் மேலடுக்கிலோ முன்பக்கத்து இரண்டு இடங்களிலோதான் இருக்க முடியும். அவற்றில் பெரும்பாலானவை கியூபைச் சாய்க்காமலே கண்ணுக்குத் தெரியும். அதேபோல கியூபை முழுவதுமாகத் திருப்புவதைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும், எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று மனம் வைத்திருந்த வரைபடம் முழுவதும் கால் வட்டம் நகர்ந்துவிடுகிறது. அதை மீண்டும் கட்ட மனத்துக்கு நேரம் வேண்டும். வலக்கையால் செருகுவதுபோலவே இடக்கையாலும், முன்பக்கமாகச் செருகுவதுபோலவே பின்பக்கமாகவும் செருகப் பழகியவருக்குத் திருப்பங்கள் தாமாகவே குறைந்துவிடும்.

இனி அல்காரிதங்களுக்கு வருகிறேன். என் அக்கா மகள் ஒருநாள், “மாமா, இன்னும் எத்தனை அல்காரிதம் படிச்சா இருபது செகண்டுக்குள்ள வரலாம்?” என்று கேட்டாள். கியூப் பழகும் பிள்ளைகள் எல்லோரும் கேட்கும் கேள்விதான். ஓஎல்எல் 57, பிஎல்எல் 21, ஆக மொத்தம் 78 என்பது முழுப் பட்டியல். ஆனால் இரண்டையும் இரண்டிரண்டு படிகளாகப் பிரித்துச் செய்தால் ஓஎல்எல்லுக்கு 10, பிஎல்எல்லுக்கு 6, ஆக 16 அல்காரிதங்களே போதும். இந்த 16-ஐ மட்டும் வைத்துக்கொண்டு, எஃப்2எல் கட்டத்தில் நில்லாமல் ஓடப் பழகியவர் 20 விநாடிக்குள் வர முடியும். 78-ஐயும் ஒப்பிக்கத் தெரிந்தும் ஒவ்வொரு ஜோடிக்கும் நின்று நின்று தேடுபவர் வர முடியாது. அவளிடம் நான் சொன்ன பதிலும் இதுதான்: “பதினாறு உனக்குத் தெரியும் கண்ணு. இப்போ படிக்க வேண்டியது கண்ணுக்குத்தான்.” அவளுக்கு இந்தப் பதில் அவ்வளவாகப் பிடிக்கவில்லை, புதிய அல்காரிதம் ஒன்றைக் கற்பதில் கிடைக்கும் உற்சாகம் மெட்ரோனோம் தட்டில் கிடைப்பதில்லை என்பது எனக்கும் தெரியும்.

ஆனால் ஒரு கட்டத்தில் முழுப் பட்டியலையும் கற்கத்தான் வேண்டும். அப்போது எங்கிருந்து தொடங்குவது என்பதற்குக் கணிதமே வழிகாட்டுகிறது. பிஎல்எல் நிலைகளில் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் சராசரியாக 18 சால்வுகளுக்கு ஒருமுறை வரும். ஓஎல்எல் நிலைகளில் பெரும்பாலானவை 54 சால்வுகளுக்கு ஒருமுறைதான் வரும். ஆகவே ஒரு பிஎல்எல் அல்காரிதத்தைக் கற்பதற்குச் செலவிடும் உழைப்பு, ஓர் ஓஎல்எல் அல்காரிதத்துக்குச் செலவிடும் உழைப்பைப்போல மூன்று மடங்கு பலன் தருகிறது. முழு பிஎல்எல்லை முதலில் முடிப்பதே முறை. பிஎல்எல்லுக்குள்ளும் வேறுபாடு உண்டு. அதன் நிலைகளுக்கு ஆங்கில எழுத்துகளே பெயர். ஹெச் நிலையும் “என்” (N) நிலைகள் இரண்டும் ஒவ்வொன்றும் 72-இல் ஒருமுறை மட்டுமே வருகின்றன. எனவே நீளமான “என்” அல்காரிதங்களைக் கடைசிக்கு ஒதுக்கி வைப்பதால் பெரிய நட்டம் ஏதுமில்லை. ஆனால் குழப்பமானவை என்று பலரும் தள்ளிப்போடும் ஜி நிலைகள் நான்கும் தலா 18-இல் ஒருமுறை வருபவை. நான்கையும் கூட்டினால் ஒன்பது சால்வுகளில் இரண்டு. இவ்வளவு அடிக்கடி வருவதைத் தள்ளிப்போடுவது, கையில் இருக்கும் நேரத்தை வீணாக விட்டுக்கொடுப்பதாகும். நான்கையும் தனித்தனியாகக் கற்க வேண்டியதும் இல்லை. அவை இரண்டு ஜோடிகள், ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று மற்றொன்றின் தலைகீழ் வரிசை. யூ நிலைகள் இரண்டும், ஏ நிலைகள் இரண்டும்கூட இப்படியே ஒன்றுக்கொன்று தலைகீழானவை.

ஓர் அல்காரிதத்தை எழுத்துகளின் நீண்ட வரிசையாக மனப்பாடம் செய்வதைவிட, அது எந்தச் சிறு துண்டுகளால் ஆனது என்று பிரித்துப் பார்ப்பது நினைவில் ஆழமாகப் பதியும். பிஎல்எல்லின் டி நிலைக்குரிய டி-பெர்ம் இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. வலமுகத்தை ஆர் என்றும், மேல்முகத்தை யூ என்றும், முன்முகத்தை எஃப் என்றும், எதிர்த்திசைத் திருப்பத்தைப் பிரைம் என்றும், இருமுறை திருப்புவதை 2 என்றும் சொல்கிறோம். அதன்படி டி-பெர்ம் இது: ஆர், யூ, ஆர் பிரைம், யூ பிரைம், ஆர் பிரைம், எஃப், ஆர்-2, யூ பிரைம், ஆர் பிரைம், யூ பிரைம், ஆர், யூ, ஆர் பிரைம், எஃப் பிரைம். மொத்தம் 14 நகர்வுகள். இதன் முதல் நான்கு நகர்வுகள், கியூப் கற்ற முதல் வாரத்திலேயே எல்லோர் கையிலும் பதிந்துவிடும் “ஆர், யூ, ஆர் பிரைம், யூ பிரைம்” என்ற துண்டு. அதற்குப் பின் “ஆர் பிரைம், எஃப், ஆர், எஃப் பிரைம்” என்ற ஸ்லெட்ஜ்ஹேமர் துண்டைச் சேர்த்தால் கிடைக்கும் எட்டு நகர்வுகள், டி வடிவ ஓஎல்எல் நிலைக்குரிய அல்காரிதம். இன்னொரு பக்கம், “எஃப், ஆர், யூ பிரைம், ஆர் பிரைம், யூ பிரைம், ஆர், யூ, ஆர் பிரைம், எஃப் பிரைம்” என்ற ஒன்பது நகர்வுகள் மீன் வடிவ ஓஎல்எல் நிலைகளில் ஒன்றுக்குரியவை. எட்டையும் ஒன்பதையும் அடுத்தடுத்துச் செய்து பாருங்கள். நடுவில் எஃப் பிரைமும் எஃப்-உம் ஒன்றையொன்று அழித்துவிடும், இரண்டு ஆர் சேர்ந்து ஆர்-2 ஆகும். மீதி நிற்பது டி-பெர்ம். வரிசையை மாற்றி ஒன்பதை முதலிலும் எட்டை அடுத்தும் செய்தால், அதுவே 17 நகர்வுகள் கொண்ட ஒய்-பெர்ம். இரண்டு ஓஎல்எல் அல்காரிதங்கள் தெரிந்தவருக்கு இரண்டு பிஎல்எல் அல்காரிதங்கள் ஏற்கெனவே தெரியும் என்பதை முதன்முதலில் கையிலேயே செய்து பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை. அல்காரிதங்கள் என்பவை ஒப்பிக்க வேண்டிய எழுத்துக் கோவைகள் என்ற எண்ணம் அன்றோடு என்னைவிட்டுப் போயிற்று.

கற்ற அல்காரிதத்தைச் செய்யும் வேகம் ஒரு பாதி என்றால், எந்த நிலை வந்திருக்கிறது என்று கண்டுகொள்ளும் வேகம் மறு பாதி. இந்த மறு பாதியைத் தனியாகப் பயிலுபவர்கள் குறைவு. டி-பெர்மை ஒன்றரை விநாடியில் செய்துவிட்டு, அது டி-பெர்ம் என்று கண்டுபிடிக்க அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிஎல்எல் வந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது ஹெட்லைட். அதாவது ஒரு பக்கத்தின் இரண்டு மூலைகளிலும் ஒரே நிறம் இருக்கிறதா என்பது. நான்கு பக்கங்களிலும் இருந்தால் மூலைகள் எல்லாம் சரியாக உள்ளன. யூ நிலைகள் இரண்டு, ஹெச், இசட் என நான்கில் ஒன்றுதான் வந்திருக்க முடியும். எந்தப் பக்கத்திலும் இல்லையென்றால் வி, ஒய், இ, “என்” ஆகியவற்றில் ஒன்று. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் மற்றவை. இந்த மூன்று கூட்டங்களாகப் பிரித்த பிறகு, உள்ளே வேறுபடுத்துவது எளிது. ஹெட்லைட்டை இடப்பக்கம் வைத்துப் பிடிக்கும்போது, அவற்றின் நடுவில் எதிர் நிறம் இருந்து, முன்பக்கத்தில் இடது மூலையும் நடு விளிம்பும் ஒரே நிறமாக ஒட்டியிருந்தால் அது டி-பெர்ம். சிவப்பும் ஆரஞ்சும், நீலமும் பச்சையும் எதிர் நிறங்கள் என்ற நினைவு இமைப்பொழுதில் வர வேண்டும். நான்கு பக்கங்களையும் சுற்றிப் பார்க்காமல், முன்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் மட்டும் பார்த்துச் சொல்லப் பழகினால் இன்னும் நேரம் மிச்சமாகும். இதற்கென்றே நிலைகளை மாற்றி மாற்றிக் காட்டும் பயிற்சிச் செயலிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பேருந்தில் அமர்ந்துகூடப் பழகலாம், கையில் கியூப் வேண்டியதில்லை.

விரல் நுட்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேலடுக்கை மணிக்கட்டால் திருப்பாமல் ஆள்காட்டி விரலால் தட்ட வேண்டும். யூ-வுக்கு வலது ஆள்காட்டி விரல், யூ பிரைமுக்கு இடது ஆள்காட்டி விரல். யூ-2 வரும்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடுத்தடுத்துத் தட்டும். நடு அடுக்கைத் திருப்ப இடக்கை மோதிர விரல் பயன்படுகிறது. இவற்றையெல்லாம்விடக் கவனிக்க வேண்டியது, அல்காரிதத்தின் நடுவில் கியூபை விட்டுப் பிடிக்கும் இடங்கள். ஒவ்வொரு பிடிமாற்றமும் ஒரு சிறு நிறுத்தம்தான். ஒரே நிலைக்குப் பல அல்காரிதங்கள் இருக்கும்போது, நகர்வுகள் குறைவானதைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பிடிமாற்றம் குறைவானதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பிறருக்கு வாய்ப்பாக இருக்கும் ஒன்று உங்கள் கைக்கு ஒத்துவராமல் போகலாம். இரண்டு மூன்றைச் செய்து பார்த்துத் தேர்ந்துகொள்வதில் தவறில்லை. ஆனால் தேர்ந்தபின் மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது.

கியூபைப் பொறுத்தவரை விலையுயர்ந்ததை வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. இப்போது குறைந்த விலைக் கியூப்களிலேயே காந்தம் வைத்து வருகிறது. ஒவ்வொரு திருப்பமும் சரியான இடத்தில் போய் நிற்க அது பெரிதும் உதவுகிறது. திருகுகளின் இறுக்கத்தைத் தன் கைக்கு ஏற்றபடி சரிசெய்து, அவ்வப்போது லூப் எனப்படும் மசகுத் திரவம் ஒரு சொட்டு விட்டால் போதும். நல்ல கியூப் ஒரு விநாடியோ இரண்டு விநாடியோ தரும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

அன்றாடப் பயிற்சியை நான் மூன்று விதமாகப் பிரித்துக்கொள்கிறேன்; ஆனால் மூன்றையும் ஒரே நாளில் கலப்பதில்லை. சில நாட்கள் டைமரே இல்லாத மெதுவான சால்வுகள். சில நாட்கள் அல்காரிதங்களையும் அவற்றை அடையாளம் காண்பதையும் மட்டும் பயில்வது. சில நாட்கள் சிஎஸ்டைமர் போன்ற ஒரு டைமரை வைத்து, போட்டியில் செய்வதைப்போலவே ஐந்து ஐந்தாகச் சால்வ் செய்து சராசரி பார்ப்பது. மூன்றாவது வகைதான் எல்லோருக்கும் பிடித்தது. பலர் ஆண்டு முழுவதும் அதை மட்டுமே செய்கிறார்கள். நூற்றுக்கணக்கான சால்வுகளை அவசர அவசரமாகச் செய்யும்போது, இருக்கும் பழக்கங்கள் இன்னும் இறுகிப்போகின்றன. நிறுத்தங்களும் அந்தப் பழக்கங்களுள் அடக்கம். டைமரோடு செய்யும் நாட்களிலும், மோசமாகப் போன சால்வின் கலைப்பை எடுத்து மீண்டும் ஒருமுறை மெதுவாகச் செய்து, எந்த ஜோடியை முதலில் எடுத்திருந்தால் அடுத்தது கண்ணில் பட்டிருக்கும் என்று பார்ப்பது மிகுந்த பலன் தரும். சிறந்த வீரர்கள் ஒரு கலைப்பை எடுத்து, ஒவ்வொரு நகர்வையும் ஏன் செய்தோம் என்று விளக்கும் காணொளிகளைப் பார்த்து, அதே கலைப்பை நாமும் செய்து ஒப்பிடுவதும் அப்படியே. அங்கே கற்பதற்குரியது அவர்களுடைய வேகமன்று, எந்த ஜோடியை எப்போது எடுக்கிறார்கள் என்ற தெரிவுதான்.

ஒரே ஒரு சிறந்த நேரத்தைத் துரத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் சீனாவின் வூஹு நகரில் டூ யுஷெங் 3.47 விநாடியில் தீர்த்த அந்தப் புகழ்பெற்ற சால்வில் 27 நகர்வுகளே இருந்தன. அவ்வளவு குறைந்த நகர்வுகளில் முடியும் வாய்ப்பு அரிதாகவே வரும். அது வந்தபோது அதைப் பிடித்துக்கொள்ளும் திறன் அவரிடம் இருந்தது. அந்தச் சாதனை நான்கு ஆண்டுகளுக்கு மேல் நின்றது. ஆயினும் பெரும்பாலான போட்டிகளில் வெற்றியாளரைத் தீர்மானிப்பது சராசரிதான். ஐந்து சால்வுகளில் மிகச் சிறந்ததையும் மிக மோசமானதையும் நீக்கிவிட்டு, நடுவிலுள்ள மூன்றின் சராசரியையே கணக்கில் எடுக்கிறார்கள். நல்வாய்ப்பாகக் கிடைத்த நேரம் அந்தக் கணக்கில் தானாகவே உதிர்ந்துவிடுகிறது. ஆகையால் வீட்டிலும் சிறந்த நேரத்தைக் குறித்து வைப்பதைவிட, நடுவில் நிற்கும் மூன்று நேரங்களுக்கிடையே எவ்வளவு வேறுபாடு என்பதைக் குறித்து வைப்பது நல்லது. 22, 23, 22 என்று வருபவர், 17, 26, 24 என்று வருபவரைவிட 20-க்கு அருகில் இருக்கிறார் என்பது என் திடமான கருத்து; ஏனெனில் அவருடைய நிறுத்தங்கள் எங்கே இருக்கின்றன என்று அவருக்குத் தெரியும்.

போட்டிக்குப் போகும் எண்ணம் உள்ளவர்கள், சால்வின் கடைசி ஒரு திருப்பத்தையும் பயில வேண்டும். பிஎல்எல் முடிந்ததும் மேலடுக்கைச் சரியாகப் பொருத்த ஒரு திருப்பம் தேவைப்படுவதுண்டு. அது எந்தப் பக்கம் எவ்வளவு என்று அல்காரிதம் முடிந்த பிறகு பார்ப்பவர்கள் அரை விநாடியை அங்கே இழக்கிறார்கள். பதற்றத்தில் அதைப் பாதியில் விட்டுக் கியூபைக் கீழே வைத்துவிட்டால், ஓர் அடுக்கு 45 பாகைக்கு மேல் விலகியிருக்கும் பட்சத்தில் 2 விநாடி தண்டனையாகக் கூட்டப்படும். டி-பெர்ம் போன்ற அல்காரிதம் எந்தத் துண்டுகளை நகர்த்தாமல் விடுகிறது என்று தெரிந்திருந்தால், தொடங்கும்போதே அந்தத் துண்டு அடியிலுள்ள எந்த நிறத்தோடு சேர வேண்டும் என்று பார்த்து, கடைசித் திருப்பத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம். டி-பெர்மில் முன்பக்கத்து இடது மூலையும் அதை ஒட்டிய முன் விளிம்பும் அசையாமல் அங்கேயே இருக்கும். அந்த இரண்டின் நிறத்தையும் அவற்றுக்குக் கீழே இருக்கும் நடுத் துண்டின் நிறத்தையும் ஒப்பிட்டால் போதும். இப்போது 21 பிஎல்எல் நிலைகளுக்கும் இப்படி அசையாத துண்டு எது, அசைந்தாலும் எங்கே போய்ச் சேரும் என்று ஒவ்வொன்றாகக் கியூபில் செய்து பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிறேன். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. ஜி நிலைகள் நான்கும் இன்னும் பாக்கி இருக்கின்றன.